இருள் ஆற்றலும் என் கணவரும்

அந்தச் செய்தியை என் கணவர் என்னிடம் சொல்லவில்லை. மகள்தான் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் தியூஷன் வகுப்பு எடுக்கப் போயிருந்தார். மகளும் நானும் அடுக்குமாடிக்குக் கீழே இருந்த மாமாக் உணவுக்கடையில் ரொட்டி சானாய் வாங்கிவந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவளுக்கு அப்போது பள்ளியில் மூன்றாம் படிவம், பதினைந்து வயது. கைப்பேசியைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அம்மா, அப்பாவோட டார்க் எனர்ஜி மாறுதாமே?”

“யாரு சொன்னா?”

“சயின்ஸ் டீச்சர் குரூப்ல போட்டிருக்காங்க. அப்பா அதைத்தானே படிச்சாரு? அப்பா ரைட்டா அப்ப?”

என் கையிலிருந்த ரொட்டியைக் கறியில் தோய்த்தவள் அப்படியே வைத்துவிட்டேன். அவள் காட்டிய செய்தியை இரண்டு முறை படித்தேன்.

இருள் ஆற்றல் என்பதை நான் புரிந்துகொண்ட அளவுக்குச் சொல்கிறேன். பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருக்கிறது. விரிவது மட்டுமல்ல, விரிகிற வேகமும் கூடிக்கொண்டே போகிறது. அப்படித் தள்ளுவது எதுவோ, அதற்கு வைத்த பெயர்தான் இருள் ஆற்றல். அது என்ன பொருள், எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அது மாறாத ஒன்று என்றுதான் பெரும்பாலானவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வெற்றிடம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரே அளவு, அன்றும் இன்றும் இனிமேலும். என் கணவர் தம் முனைவர் பட்ட ஆய்வில், அது காலப்போக்கில் மெல்லத் தளரக்கூடியது என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டிருந்தார். அப்படிக் கணக்குப் போட்டவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல. ஆனால் அந்தப் பக்கம் கூட்டம் குறைவு.

இப்போது அமெரிக்காவில் ஒரு மலைமேல் இருக்கும் தொலைநோக்கியை வைத்து லட்சக்கணக்கான விண்மீன் மண்டலங்களின் தூரத்தை அளந்திருக்கிறார்கள். அந்த அளவுகளை வேறு சில அளவுகளோடு சேர்த்துப் பார்த்தால், இருள் ஆற்றல் முன்பு வலுவாக இருந்து இப்போது தளர்ந்துவருவது போலத் தெரிகிறதாம். உறுதியில்லை, ஒரு சாடைதான் என்று செய்தியே சொன்னது. நான் அந்தக் கடைசி வரியைச் சரியாகப் படிக்கவில்லை. படிக்க விரும்பவில்லை என்பதே சரி.

காரணம் இருந்தது. வெளிநாட்டில் முனைவர் பட்டம் முடிந்த கையோடு அவருக்கு ஐரோப்பாவில் ஓர் ஆய்வு வேலை கிடைத்திருந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் பினாங்கில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் வேலையில் இருந்தேன். அவர் அங்கே நிலைகொண்டதும் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதாகப் பேச்சு. அந்தச் சமயத்தில்தான் என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. நான் ஒரே பிள்ளை. அப்பா முன்பே போய்விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மாலை ஐரோப்பாவுக்குப் புறப்படாமல் இன்னும் படித்த ஊரிலேயே இருந்த அவரிடம் தொலைபேசியில் நான் சொன்னது இதுதான்:

“அது மாறுதோ மாறலையோ, அதைக் கண்டுபிடிக்க உலகத்திலே வேற ஆளே இல்லையா? எங்க அம்மாவைத் தூக்கி உக்கார வைக்க எனக்கு ஆள் இல்லை.”

அந்த வேலையை வேண்டாமென்றுவிட்டு அந்த மாதமே திரும்பி வந்துவிட்டார். அம்மா அதற்குப் பிறகு வெகுகாலம் இருந்தார். அவரைத் தூக்கி உட்கார வைத்ததில் பாதிக்கு மேல் என் கணவர்தான். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது; அம்மாவின் யாழ்ப்பாணப் பேச்சில் சில சொற்கள் அவருக்கு முதலில் விளங்காது. அவர் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அவர் அப்பா அங்கே செம்பனைக் குலை வெட்டிய தொழிலாளி. எங்கள் உறவுக்காரர்கள் இந்தக் கல்யாணத்தை அவ்வளவாக ரசிக்கவில்லை. அதே உறவுக்காரர்கள் யாரும் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்ட வரவில்லை.

இங்கே பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்துப் பார்த்தார். இந்தத் துறைக்கு இப்போது இடமில்லை என்பதைப் பல விதமாகச் சொன்னார்கள். பிறகு டத்தோ கிராமாட் சாலையில் ஒரு கடைவீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்துத் தியூஷன் ஆரம்பித்தார். இயற்பியல், கூடுதல் கணிதம். நல்ல பெயர். பசாரில் காய்கறி வாங்கும்போது பார்க்கிற மாணவர்களின் தாய்மார்கள் அவரைப் புகழ்ந்தால் நான் சிரிக்கத்தான் வேண்டும். சிரிப்பேன். உள்ளே அந்தத் தொலைபேசிப் பேச்சு ஓடும்.

அன்று மதியம் அவர் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேன்.

“செய்தி பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“என்கிட்ட சொல்லலையே?”

“இன்னும் கன்ஃபர்ம் இல்லம்மா. இந்த மாதிரி எத்தனையோ வந்து போயிருக்கு.”

“நீங்க சொன்னது சரியாப் போச்சில்ல?”

“நான் ஒண்ணும் சொல்லல. மாறினா எப்படி இருக்கும்னு கணக்குப் போட்டேன், அவ்வளவுதான்.” ரசத்தை ஊற்றிக்கொண்டார். “மாறலாம். மாறாமலும் இருக்கலாம்.”

என் பிழைப்பே இந்தச் சொற்களில்தான் இருக்கிறது. சாட்சிக்கூண்டில் நிற்பவர் “போயிருக்கலாம்” என்று சொல்வதை நான் “போனார்” என்று மலாய் மொழியில் சொல்லிவிட்டால் ஒரு மனிதர் உள்ளே போய்விடுவார். அந்தத் தவறை நான் ஒருநாளும் செய்ததில்லை. வீட்டில் செய்தேன். அவர் “மாறலாம்” என்றார், என் காதில் “மாறுகிறது” என்று விழுந்தது. அவர் சரியாகச் சொல்லியிருக்கிறார், நான் அவரைப் பாதி வழியில் இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று முடிவே கட்டிவிட்டேன். அன்றிலிருந்து அவர் முகத்தை நேராகப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது. அவர் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாலும், மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தாலும், ‘இந்நேரம் எங்கே இருந்திருக்க வேண்டியவர்’ என்றுதான் தோன்றியது.

ஏதாவது செய்ய வேண்டும் என்றிருந்தது. அவரோடு ஒரே அறையில் ஆராய்ச்சி செய்த இத்தாலிக்காரர் ஒருவர் இப்போது ஆஸ்திரேலியாவில் பேராசிரியராக இருக்கிறார். எங்கள் கல்யாணத்துக்குப் பினாங்குக்கு வந்து, யார் தடுத்தும் கேட்காமல் டுரியான் பழத்தை ஒரே மூச்சில் தின்றவர். வருடத்துக்கு ஒருமுறை வாழ்த்து அனுப்புவார். நான் கணவரிடம் சொல்லாமல் அவருக்கு எழுதினேன். இந்தச் செய்தியைப் பார்த்தேன், என் கணவரின் பழைய ஆய்வு உங்களுக்கு நினைவிருக்கிறதா, உங்கள் மாணவர்களிடம் அதைப் பற்றிப் பேச அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். மறுநாளே பதில் வந்தது. அற்புதமான யோசனை, உடனே அழைக்கிறேன் என்றார்.

அழைப்பு வந்த அன்று என் கணவர் படி ஏறிவந்த சத்தமே வேறு மாதிரி இருந்தது.

“அவனுக்கு இன்னும் என் தீசிஸ் ஞாபகம் இருக்குதாம்,” என்றார். “இத்தனை வருஷம் கழிச்சு. அவன் மறக்கல பாரு.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. அவர் முகத்தில் இருந்ததைக் கலைக்க மனம் வரவில்லை. “நல்லவர் அவர்,” என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த சில வாரங்கள் வீடு வேறு வீடாக இருந்தது. அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஆய்வேடு கீழே இறங்கியது. விடியற்காலையில் எழுந்து புதிய கட்டுரைகளைப் படித்தார். படித்துக்கொண்டே தனக்குத் தானே தலையாட்டிக்கொள்வார். சில நேரம் ஒரே பக்கத்தில் வெகுநேரம் நின்றுவிடுவார். மகள் அவருக்குப் படக்காட்சியைத் தயார் செய்துகொடுத்தாள். “அப்பா, இவ்வளவு எழுத்து போட்டா யாரு படிப்பா? படம் போடுங்க லா,” என்று அதட்டினாள். புதுச் சட்டை ஒன்று வாங்கினார். நான் அதை இஸ்திரி போடும்போது, எல்லாம் நன்றாக முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பேச்சு ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. இணையம் அங்கேதான் ஒழுங்காக வரும் என்பதால் தியூஷன் மாடியிலிருந்தே பேசினார். மகளும் நானும் பின்வரிசையில் மாணவர்களின் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். மடிக்கணினியின் திரையை நாங்களும் பார்க்கும்படி சுவரில் காட்டியிருந்தாள் மகள். அந்தப் பக்கம் ஓர் அறையில் இருபது பேர்போல இருந்தார்கள். பேராசிரியர் எழுந்து என் கணவரை அறிமுகப்படுத்தினார். பழைய கதைகள் சொன்னார். டுரியானையும் சொன்னார். சிரித்தார்கள். பிறகு ஆங்கிலத்தில், “இந்தச் சந்திப்புக்காக நான் அவருடைய மனைவிக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் எனக்கு எழுதியிராவிட்டால் இது எனக்குத் தோன்றியே இருக்காது,” என்றார்.

என் கணவர் திரைக்கு மேலாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். கோபம் இல்லை. ஏதோ ஒன்று அப்போதுதான் விளங்கியது போன்ற ஒரு பார்வை. பிறகு குனிந்து பேச ஆரம்பித்தார்.

நன்றாகத்தான் பேசினார். அதை நான் இன்றைக்கும் சொல்வேன். எனக்குப் பாதி புரியவில்லை என்றாலும், அவர் குரலில் ஒரு நிதானம் இருந்தது. பேசி முடித்ததும் கேள்விகள் வந்தன. முதலில் ஓர் இளம்பெண், மாணவி. மரியாதையாகத்தான் கேட்டாள். இருள் ஆற்றலை விவரிக்க ஓர் எண் உண்டு. அது என்றும் மாறாதது என்றால் அந்த எண் சரியாக மைனஸ் ஒன்று. புதிய அளவுகளைப் பார்த்தால் அது பழைய காலத்தில் மைனஸ் ஒன்றுக்குக் கீழே இருந்து, பிறகு அந்தக் கோட்டைத் தாண்டி மேலே வந்தது போலத் தெரிகிறது. உங்கள் கணக்கில் அது கோட்டைத் தாண்டுமா?

“தாண்டாது,” என்றார் என் கணவர்.

“அப்படியானால் இந்த அளவுகளோடு அது ஒத்துப்போகிறது என்று எப்படிச் சொல்வது?”

“முழுவதும் ஒத்துப்போகிறது என்று சொல்ல முடியாது.”

அடுத்து ஒருவர், போன வருடம் வந்த ஒரு கட்டுரையைக் குறிப்பிட்டு, அதில் காட்டியிருக்கும் சிக்கலுக்கு என்ன பதில் என்றார். “மன்னிக்கவும், அதை நான் படிக்கவில்லை,” என்றார் இவர். மூன்றாவதாகக் கேட்டவருக்கும் அதே பதில். அந்த அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். பேராசிரியர் நேரமாகிவிட்டது என்று சொல்லி முடித்துவைத்தார். கை தட்டினார்கள்.

என் கணவர் கணினியை மூடிவிட்டு, எழுந்துபோய் வெள்ளைப் பலகையை அழித்தார். மதிய வகுப்புக்காக அவரே எழுதிவைத்திருந்த கணக்குகள் அவை. 

“அப்பா, நல்லாத்தான் பேசினீங்க,” என்றாள் மகள்.

“ம். நீ செஞ்ச படமெல்லாம் நல்லா வந்துச்சு.”

அதற்குப் பிறகு பல நாள் வீட்டில் சண்டை இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. சாப்பிட்டீங்களா என்றால் சாப்பிட்டேன் என்பார். சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது என்றால் சொல்லிவிடுகிறேன் என்பார். ஆய்வேடு மேல்தட்டுக்குத் திரும்பிப் போகவில்லை, மேசையிலேயே கிடந்தது. அதன்மேல் யாரோ ஒரு மாணவனின் விடைத்தாள்கள். திட்டினால் பரவாயில்லை என்றிருந்தது எனக்கு. ஒருமுறை அவரை ஐரோப்பாவுக்குப் போகவிடாமல் இழுத்து வந்தேன். இப்போது அவர் ஒதுங்கியிருந்த இடத்திலிருந்து இழுத்து, இருபது பேர் முன்னால் நிறுத்தி, தெரியாது தெரியாது என்று சொல்ல வைத்தேன்.

கடைசியில் ஒரு நாள் மாலை, நீதிமன்றத்திலிருந்து நேராகத் தியூஷன் மாடிக்குப் போனேன். வகுப்பு முடிந்து மாணவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் மின்விசிறிகளை அணைத்துக்கொண்டிருந்தார்.

“நான் உங்களைக் கேக்காம எழுதினது தப்பு,” என்றேன்.

“சரி.”

“நீங்க சந்தோஷப்பட்டப்பவே சொல்லியிருக்கணும். அதுவும் தப்பு.”

அவர் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “ஏன் எழுதின? அதைச் சொல்லு முதல்ல.”

தொலைபேசியில் சொன்னதைச் சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். இத்தனை வருடமும் அது என்னோடு இருந்தது, செய்தியைப் பார்த்ததிலிருந்து தூங்க முடியவில்லை, நான் மட்டும் கூப்பிடாமல் இருந்திருந்தால் நீங்கள் இன்றைக்கு அந்த அறையில் இருந்து கேள்வி கேட்கிறவராக இருந்திருப்பீர்கள் என்றேன்.

அவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

“அப்படியா சொன்ன?”

“ஞாபகம் இல்லையா உங்களுக்கு?”

“நீ அழுதது ஞாபகம் இருக்கு. இது ஞாபகம் இல்ல.” மேசைமேல் திறந்து கிடந்த பேனாவை எடுத்து மூடினார். பிறகு சொன்னார்: “ஒண்ணு சொல்றேன், கேளு. நீ கூப்பிடறப்பவே நான் ஐரோப்பா போகலாமா வேணாமான்னுதான் இருந்தேன். தீசிஸ் செஞ்ச ரூம்லயே நான்தான் கடைசி ஆளு. அவனுங்க ஒரு நாள்ல போடற கணக்கு எனக்கு ஒரு வாரம் எடுக்கும். தீசிஸ்ல பாதி அந்த இத்தாலிக்காரன் கை கொடுத்தது. அங்க போனா ஒரு வருஷத்துல தெரிஞ்சிடும்னு பயம். நீ கூப்பிட்ட. நான் வந்துட்டேன்.”

“இதை ஏன் என்கிட்ட சொல்லலை?”

“எல்லாரும் ‘மாமியாருக்காக வந்துட்டான், தங்கமான பையன்’னாங்க. நல்லாருந்துச்சு கேக்க.” தலையைக் குனிந்துகொண்டார். “நீ இப்படி மனசுல வச்சிக்கிட்டு இருப்பன்னு தெரியாது. கொஞ்சம் தெரியும். தெரிஞ்சும் விட்டுட்டேன். அதுக்கு நான்தான் உன்கிட்ட கேக்கணும் மன்னிப்பு.”

அவர் சொன்னது உண்மையா, என் பாரத்தை இறக்கிவைப்பதற்காகச் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. சாட்சிகளைக் கேட்டுக் கேட்டு, யார் பொய் சொல்கிறார்கள் என்று குரலிலேயே பிடித்துவிடுவேன் என்று ஒரு நினைப்பு எனக்கு உண்டு. அன்று பிடிக்க முடியவில்லை. இரண்டும் கலந்தே இருந்திருக்கும். பாரம் இறங்கியது என்றும் சொல்லமாட்டேன். ஓர் உலக ஆராய்ச்சியையே என் ஒரு வாக்கியம் நிறுத்திவிட்டது என்று நம்பிக்கொண்டு இருந்திருக்கிறேன். அதில் வேதனைக்கு நடுவே ஒரு பெருமையும் இருந்தது என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. அது இன்னும் வெட்கமாக இருந்தது.

கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினோம். அவர் மோட்டாரின் பின்னால் ஏறிக்கொண்டேன்; அப்படிப் போய் வெகுநாளாகியிருந்தது.

சில வாரம் கழித்து, கேள்வி கேட்ட அந்த மாணவி அவருக்கு எழுதினாள். உங்கள் ஆய்வேட்டில் ஓர் இடம் எனக்குப் புரியவில்லை, விளக்க முடியுமா என்று. அவர் விளக்கினார். அவள் திரும்பக் கேட்டாள். அவர் பழைய கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்க்க ஆரம்பித்தார். இந்தமுறை நான் எதுவும் கேட்கவில்லை. பால் விடாத தே ஓ தேநீர் கலக்கி மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். ஒரு நாள் சோற்றில் கை வைத்தபடி, “பொருந்தல,” என்றார்.

“என்னது?”

“என் மாடல். எப்படித் திருப்பிப் போட்டாலும் அந்தக் கோட்டைத் தாண்ட வைக்க முடியல. அவளுக்கு எழுதிட்டேன்.” முகத்தில் அப்படி ஒரு தெளிவு. தோற்றுப்போன ஒருவரின் முகம் அல்ல அது.

அந்த வார இறுதியில் நிபோங் திபாலில் அவருடைய அண்ணன் வீட்டில் சாப்பாடு. பினாங்குத் தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் பாலத்தில் விபத்து போலிருக்கிறது, நடுக்கடலுக்கு மேலே வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. மகள் காரின் பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அவரிடம் கேட்டேன், அது மாறினால் என்ன, மாறாவிட்டால் என்ன, நமக்கு என்ன வித்தியாசம் என்று. கேட்கும்போதே உறைத்தது: அவரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இதை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவர் விட்டுவந்த ஒன்றுக்காக வருந்திக்கொண்டே இருந்தேன். அது என்னவென்று தெரிந்துகொள்ள முயலவில்லை.

“நமக்கு ஒண்ணும் இல்ல,” என்றார். “ரொம்பத் தூரத்துக் காலத்துல பாத்தா இருக்கு. மாறவே மாறாதுன்னு வையி. விரிவு வேகமாயிட்டே போகும். தூரத்துல இருக்கற மண்டலமெல்லாம் ஒண்ணு ஒண்ணா பார்வைக்கு எட்டாமப் போயிரும். அவங்க வெளிச்சம் இங்க வந்து சேரவே சேராது. அப்ப ஒருத்தன் இருந்து வானத்தைப் பாத்தான்னா, நம்ம மண்டலம் ஒண்ணுதான் இருக்குன்னு நெனப்பான். நல்லாப் படிச்சவனாத்தான் இருப்பான். பாக்க ஒண்ணும் இருக்காது, அவன் என்ன செய்வான்?”

“மாறுதுன்னா?”

“தளர்ந்துக்கிட்டே போச்சுன்னா, வேகம் கூடறது நிக்கலாம். விரிவு மெதுவாகலாம். எல்லாம் திரும்பி உள்ளேயே விழவும் விழலாம். எதுன்னு இப்ப சொல்ல முடியாது. இன்னும் அளக்கணும்.”

“எது நல்லது?”

சிரித்துவிட்டார். “அதுல நல்லது கெட்டது என்ன இருக்கு?”

இருந்தாலும் வெறும் வானத்தைப் பார்க்கப்போகும் அந்த மனிதனை நினைத்தால் எனக்கு என்னவோபோல் இருந்தது. முழு நேர்மையோடு பார்த்துவிட்டு, தவறான முடிவுக்கு வந்து உட்கார்ந்திருப்பவன். பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கி, முன்னால் என்ன ஆச்சு என்று மலாயில் கேட்டார். தெரியவில்லை என்றோம். என் கணவர் ஸ்டீயரிங்கில் விரலால் ஒரு வளைகோடு போட்டுக் காட்டினார், அந்த எண் எப்படி ஏறுகிறது என்று. எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொன்னேன். மறுபடியும் போட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. அண்ணி நண்டுக் கறியை மறுபடி சூடுபண்ணிக்கொண்டிருந்தார்.

“என்னடா இவ்வளவு லேட்டு?” என்றார் அவருடைய அண்ணன்.

“பாலத்துல ஜாம் அண்ணே,” என்றார் இவர். கை கழுவிவிட்டு எனக்கும் சேர்த்து ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தார்.